ஓடாத வெல்டிங் செட்

அத்தியாயம் 7

ஷட்டர் இறங்கிய சத்தம் அடங்குவதற்குள் வெளியே பூட்டு விழுந்தது. இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் இன்னொன்று. தவசி இரண்டையும் காதால் எண்ணிக்கொண்டு நின்றான்.

"டீ வாங்கப் போறவன் எதுக்குக்கா ரெண்டு பூட்டுப் போடுறான்?"

"டீ வாங்கப் போகலன்னு அர்த்தம்," என்றாள் ஜெபராணி.

தவசி ஓடிப்போய் ஷட்டரை இரண்டு கையாலும் அடித்தான். "அண்ணே, ஈஸ்வரபாண்டிண்ணே, உள்ள ஆளு இருக்கோம்ணே."

வெளியே செருப்புச் சத்தம் நின்றது.

"தெரியும் தம்பி," என்றது ஈஸ்வரபாண்டியின் குரல், சாவகாசமாக. "லைட்டு எரியுது, ஃபேனு ஓடுது, குடத்துல தண்ணி கெடக்கு. ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருங்க. வண்டியோட வர்றேன். தெருவே வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருச்சு, கத்தித் தொண்டையப் புண்ணாக்கிக்காதீக."

செருப்புச் சத்தம் நகர்ந்தது. பைக் ஒன்று கிளம்பி, சந்து முனையில் திரும்பி, அதுவும் காதை விட்டுப் போனது.

கம்பம் ஊருக்கு வெளியே, மெட்டு ரோட்டுப் பக்கம், வீட்டோடு ஒட்டிக் கார் நிறுத்தக் கட்டிய ஷெட் அது. மூன்று பக்கமும் ஹாலோ பிளாக் சுவர். மேலே தகரம். ஜன்னல் என்ற பேச்சே இல்லை. இருந்த ஒரே வாசலுக்குத்தான் இப்போது இரண்டு பூட்டு. சித்திரை மாதத்துப் பகல் பன்னிரண்டு மணி. தகரம் மேலே இருந்து காய்ச்ச, ஃபேன் அந்தச் சூட்டையே வாரிக் கீழே கொட்டியது.

தவசிக்கு மூடிய இடம் ஆகாது. லிஃப்டில் ஏறமாட்டான், ஏ.சி. பஸ்ஸில் போகமாட்டான். பயம் வந்தால் வேர்க்கும், வாயும் மூடாது. "போச்சு. நாளைக்குப் பேப்பர்ல போடுவாக. தேனியைச் சேர்ந்த பெண் துப்பறிவாளரும் அவரது உதவியாளரும் ஷெட்டுக்குள் அவிந்து போயினர். அதுலயும் எம் பேரு வராது பாருங்க. உதவியாளர்னுதான் போடுவாக."

"பேரு வரணும்னா உயிரோட வெளிய போ. போன எடு."

"எந்தப் போன? உள்ள நுழையும்போது போன் அடிச்சா காரியம் கெட்டுரும்னு ரெண்டையும் ஸ்கூட்டி டிக்கில வைக்கச் சொன்னது யாரு?"

ஜெபராணி குடத்துத் தண்ணீரை மொண்டு அவனிடம் நீட்டினாள். ஐம்பது வயதில் தன் தப்பை ஒப்புக்கொள்ள அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். இருபத்திரண்டு வருஷம் வாகன இன்ஷூரன்ஸில் பொய்க் கிளெய்ம் பிடித்தவள். போடி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். வேலையை விட்ட பிறகு தேனியில் ஒரு மாடி அறையைப் பிடித்துப் பலகை மாட்டினாள். தவசி அதற்கு முன்னால் ஊர் ஊராக மைக் செட் கட்டியவன். திருவிழாவுக்குச் சீரியல் லைட் மாட்டப் போஸ்ட் கம்பத்தில் ஏறி இறங்கியே பாதி ஆயுள் போனவன் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

இவர்கள் இங்கே வந்து மாட்டிக்கொண்டது அஜய்குமாருக்காக. பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், இந்த ஷெட்டுக்கு அடுத்த வீட்டு வாசலில் நின்ற ஜீப் காணாமல் போனது. மலையில் ஏலக்காய் எஸ்டேட் வைத்திருக்கும் முத்துராமலிங்கத்தின் ஜீப். காலையில் வேலையாட்களை மேலே கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்த டிரைவர் அஜய்குமார், வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தான். எழுந்து வந்தபோது வாசல் காலியாக இருந்தது. சாவி மட்டும் வீட்டுக்குள் ஆணியில் தொங்கியது.

சந்துக்கு ஒரே வழி. முனையில் திராட்சைக் கிடங்கு, அதன் வாசலில் கேமரா. ஜீப் உள்ளே வந்தது கேமராவில் இருக்கிறது, வெளியே போனது இல்லை. ஆனால் அன்று மத்தியானம் இருபது நிமிஷம் கிடங்கில் கரண்டு போய்க் கேமரா நின்றுவிட்டது. அந்த இருபது நிமிஷத்தில் அஜய்குமாரே ஜீப்பைக் கைமாற்றிவிட்டான் என்று போலீஸார் முடிவுகட்டி, அவனை உள்ளே வைத்துவிட்டார்கள். சாவி அவனிடம்தானே இருந்தது என்பது அவர்கள் கேள்வி. அவன் மனைவி ஹேமாவதி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெபராணியின் மாடிப்படி ஏறி வந்தாள். திருடன் என்று பெயர் எடுத்துவிட்டால் இந்த மலையில் இனி எவன் அவர் கையில் சாவி கொடுப்பான் என்று கேட்டு அழுதாள்.

ஜீப் சந்தை விட்டுப் போகவே இல்லை என்று ஜெபராணி முதல் நாளே சொன்னாள். சந்துக்குள் ஜீப் மெக்கானிக் ஒருத்தன் இருக்கும்போது அது எங்கே போயிருக்கும் என்று யோசிக்கப் பெரிய மூளை வேண்டாம். போலீஸாரும் மறுநாள் சாயங்காலம் ஈஸ்வரபாண்டியின் ஷெட்டைப் பார்க்கத்தான் செய்தார்கள். ஜீப் இல்லை. பானெட்டும் கதவும் மட்காடும் குவிந்து கிடந்தன, ஆனால் ஜீப் மெக்கானிக் ஷெட்டில் வாழைத்தாரா கிடக்கும்? கூட வந்த இ.பி.காரர் மூலையிலிருந்த வெல்டிங் செட்டைப் பார்த்துவிட்டு, இது இந்த வீட்டு லைனில் ஓடாது, இங்கே வைத்து ஒரு ஜீப்பை அறுக்கவே முடியாது என்று எழுதிக் கொடுத்தார். ஈஸ்வரபாண்டி தப்பிவிட்டான்.

இன்று காலை இருவரும் பழைய ஜீப் வாங்க வந்தவர்கள் மாதிரி உள்ளே நுழைந்தார்கள். ஈஸ்வரபாண்டி நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். ஜெபராணி பேச்சுவாக்கில் அவனுடைய இரும்பு மேஜையின் காலை ஸ்கூட்டிச் சாவியால் சுரண்டினாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு டீ ஞாபகம் வந்துவிட்டது.

"மேஜையில என்னக்கா பார்த்தீக?" என்றான் தவசி, தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு.

"இரும்புக்கடையில வளந்தவ நான். மேஜைக்கு யாரும் இம்புட்டுக் கனத்துல இரும்பு போடமாட்டாக. வா, புடி."

மேஜை புதுசு. பச்சை பெயின்ட் அடித்து, மேலே இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் மாட்டியிருந்தது. நாலு காலும் பெட்டி மாதிரி வளைத்த கனத்த இரும்பு. ஜெபராணி தரையில் முட்டிபோட்டு, கிடந்த உப்புத்தாளை எடுத்து ஒரு காலின் உள்பக்கம் தேய்த்தாள். பச்சை போனது. அதற்குக் கீழே கறுப்பு. கறுப்பும் போனபின் பஞ்ச் அடித்த எழுத்துகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. கைப்பையிலிருந்து ஆர்.சி. புத்தக நகலை எடுத்து ஒப்பிட்டாள். கடைசி ஐந்து எண்ணும் அப்படியே இருந்தன.

"ஜீப்போட சேஸ், அடிச்சட்டம்," என்றாள். "நாலு துண்டா அறுத்து, நாலு காலாக்கி நிறுத்திருக்கான். போலீஸ்காரக இது மேல பேப்பர வச்சுத்தான் இவன் வாக்குமூலத்த எழுதிருக்காக."

தவசி வாய்விட்டுச் சிரித்தான். பிறகு ஷட்டரைப் பார்த்தான், சிரிப்பு நின்றது. "அப்ப கேஸு முடிஞ்சது. வெளிய போனவுடனே இந்த நம்பரக் காட்டுறோம், அஜய் வெளிய வாரான்."

"வரமாட்டான். இன்னும் உள்ளதான் போவான்."

"ஏன்க்கா?"

"ஈஸ்வரபாண்டி என்ன சொல்லுவான்? 'அஜய்தான் எங்கயோ வச்சு அறுத்து எனக்கு வித்தான், திருட்டு இரும்புன்னு தெரியாம வாங்கிட்டேன்'னு சொல்லுவான். எங்கன வச்சு அறுத்தான்ங்கிறதுதான் பேச்சே. இந்த ஷெட்ல அறுக்க முடியாதுன்னு இ.பி.காரர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. இந்த நம்பரு மட்டும் போய்ச் சேந்தா, அஜய் கழுத்துலதான் விழும்."

தவசி குடத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். பூட்டுக்கு உள்ளே இன்னொரு பூட்டு. ஒன்றைத் திறக்கச் சாவி இல்லை, மற்றதைத் திறக்கச் சாட்சி இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியது. மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. இந்தத் தகரத்துக்குள் இன்னும் அரை மணி இருந்தால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று நிஜமாகவே நினைத்தான்.

"ஏலே, என்னையப் பாரு," என்றாள் ஜெபராணி. "கரண்டு உன் சப்ஜெக்டு. இந்தச் செட்டு வீட்டு லைன்ல ஏன் ஓடாது? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

தெரிந்த விஷயத்தைக் கேட்டால் தவசிக்கு மூச்சு சீராகும். அவளுக்கு அது தெரியும்.

"வீட்டுக்கு வர்றது ஒரு பேஸு, அதாவது கரண்டு வர்ற கம்பி, அது திரும்பிப் போக ஒரு நியூட்ரல். இருநூத்தி முப்பது வோல்ட்டு. ஃபேனு, மிக்ஸி, பிரிட்ஜு, ஒரு டிரில்லு, ஒரு கை கிரைண்டரு, அது வரைக்கும் தாங்கும். ஷெட்டு வச்சிருக்கவன் புத்தி அதோட நிக்காதுல. கம்ப்ரஸரு வைப்பான், கட்டரு வைப்பான். ரெண்டையும் ஒண்ணா போட்டா பியூஸு போகும். அது போகட்டும், புதுசா வர்ற சின்ன செட்டு ஒரு பேஸுல ஓடும். இது எண்ணெய் ஊத்துன பழைய எருமை. இதுக்கு ரெண்டு பேஸ் கம்பி வேணும், நானூறு வோல்ட்டு. வீட்டு லைன்ல குடுத்தா உறுமும், வெல்டிங் ராடு ஒட்டிக்கும், அம்புட்டுதான். இ.பி.காரர் எழுதுனது சரிதான்."

"அதான் கஷ்டம். ஈஸ்வரபாண்டி பொய்யே சொல்லல. உண்மையச் சொல்லியே அஜய உள்ள அடைச்சு வச்சிருக்கான்." அவள் செட்டைச் சுற்றி நடந்தாள். மேலே தூசி ஒரு விரல் கனத்துக்கு. கரண்டைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிச் சக்கரம் மட்டும் துடைத்து வைத்த மாதிரி. கீழே பெயின்ட் டப்பாவில் எரிந்து மிஞ்சிய ராடு துண்டுகள். "ஸ்பேனர் கூட துருப்புடிச்சுக் கெடக்கு. ஆனா இந்த ராடு துண்டுல துருவே இல்ல, இப்பத்தான் எரிஞ்ச மாதிரி இருக்கு. தவசி, வாசல்ல மீட்டர் பெட்டியப் பாத்தியா?"

"பார்த்தேன். பியூஸ் கட்டையில சுண்டுவிரல் மொத்தத்துக்கு செம்புக் கம்பி முறுக்கிருக்கான். வீடே எரிஞ்சாலும் பியூஸ் போகாது. எதுக்கு இப்புடின்னு நெனச்சேன்." தவசி எழுந்துவிட்டான். "அக்கா, ஓட்டிருக்கான். இங்கனதான் ஓட்டிருக்கான். ரெண்டாவது பேஸு எங்கனயிருந்தோ வந்திருக்கு. சந்துல எல்லா வீட்டுக்கும் ஒரே பேஸு குடுக்கமாட்டாக. இந்த வீட்டுக்கு ஒண்ணு, அடுத்ததுக்கு வேற ஒண்ணு, அப்புடித்தான் போஸ்ட்ல பிரிச்சு விடுவாக. வேற பேஸு இருக்குற வீட்டுலயிருந்து ஒரு கம்பி இழுத்தா, இவன் கம்பியும் அதும் சேந்து நானூறு. எருமை எந்திரிச்சு நடக்கும்."

"அப்ப கம்பி வந்த ஓட்டை இருக்கணும். தேடு."

பானெட்டை இழுத்தார்கள். கதவுகளை நகர்த்தினார்கள். இரண்டு சுவரிலும் எதுவும் இல்லை. பின்சுவர் ஓரம் பழைய டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. தவசி டயருக்கு மேலே எட்டிப் பார்த்தான். "இங்கனயும் ஒண்ணுமில்ல. அம்மன் படந்தான் ஒட்டிருக்கு."

ஜெபராணி நின்றாள். "என்ன படம்?"

"கௌமாரியம்மன். காலண்டர்ல கிழிச்சது."

"டயருக்குப் பின்னாடியா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷெட்டில் நுழைந்ததும் எதிரில் தெரியும் சுவர் மொட்டையாக இருக்கிறது. அங்கே ஒட்டாமல், யார் கண்ணிலும் படாத இடத்தில் சாமி படத்தை எவன் ஒட்டுவான்?

"சோதனை போட வர்றவக அம்மன் படத்துல கை வைக்கமாட்டாகன்னு ஒட்டிருக்கான்," என்றாள் ஜெபராணி. "நீயே எடு. சர்ச்சுக்குப் போறவ நான், வேதக்காரி கிழிச்சான்னு நாளைக்கு ஒரு பேச்சு வேணாம்."

தவசி டயர்களை உருட்டித் தள்ளினான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஆத்தா, ஒரு அப்பாவிப் பய உள்ள கெடக்குறான். உனக்கே தெரியும்," என்று முணுமுணுத்துக்கொண்டு நாலு முனையிலும் நகத்தால் நெம்பிப் படத்தைக் கிழியாமல் எடுத்தான். பின்னால் பிளாக்கில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் சுருட்டித் திணித்த கறுப்பு வயர்.

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் டெஸ்டரை வைத்தான். சிவப்பாக எரிந்தது.

"உசுரோட இருக்கு," என்றான். குரலே மாறிவிட்டது. "ஆனா இது வேற பேஸா, இவன் பேஸான்னு பாக்கணும்."

பெயின்டுக்கு முன்னால் பூசும் பட்டியைக் காயவைக்க ஈஸ்வரபாண்டி வைத்திருந்த பெரிய குண்டு பல்புகள் இரண்டை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தான். ஒரு முனையை ஷெட்டின் சுவிட்ச் பெட்டிப் பேஸில் கொடுத்தான். "இப்ப அடுத்த முனைய ஓட்டையில வந்த கம்பியில வைப்பேன். ரெண்டும் ஒரே பேஸா இருந்தா பல்பு எரியாது. வேற வேறயா இருந்தா ரெண்டும் எரியும். எரியலன்னா நாம ரெண்டு பேரும் கும்மியடிச்சுக்கிட்டு அவன் வர்ற வரைக்கும் இருக்கலாம்."

வைத்தான். இரண்டு பல்பும் பளீரென்று எரிந்தன.

ஜெபராணி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். பன்னிரண்டு நாளாக ஒருத்தனை உள்ளே வைத்திருந்த கேள்விக்குப் பதில் அந்த இரண்டு பல்பில் எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக் கரண்டு இந்த மிஷினைத் தாங்குமா? ஒரு வீட்டுக் கரண்டு தாங்காது. இரண்டு வீட்டுக் கரண்டு தாங்கும்.

"அவன் போய் நாப்பது நிமிஷம் ஆச்சு," என்றாள். "ஷட்டர அறுத்துருவியா?"

"கோயில் ஆர்ச்சு ஒட்டிருக்கேன், அறுத்தது இல்ல. ஆம்பியர முழுசா ஏத்திவச்சா ராடே அறுக்கும். இவன் சேஸ அறுத்ததும் அப்புடித்தான். ஆனா அந்த வீட்டுப் பியூஸு தாங்கணும்."

"தாங்கும். இவன் வீட்டுப் பியூஸ மாத்துனவன் அந்த வீட்டுப் பியூஸையும் மாத்தாம இருப்பானா?"

சுவிட்சை அமர்த்தி, இரண்டு கம்பியையும் செட்டில் முறுக்கினான் தவசி. எர்த் கிளாம்பை ஷட்டரில் கவ்வவிட்டான். ஆணியில் தொங்கிய முகக் கவசத்தை மாட்டிக்கொண்டான். சுவிட்சைப் போட்டதும் எருமை கனத்த குரலில் உறுமியது. மேலே ஃபேன் சுணங்கியது. ராடை வைத்தான்.

நீல வெளிச்சம் ஷெட்டையே விழுங்கியது. ஜெபராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். புகை, சூடு, தகரம் எரியும் நாற்றம். ராடு வைத்தபோதெல்லாம் பல்பு மங்கியது, எடுத்தால் தெளிந்தது. முதல் ராடு தீர்ந்தது. இரண்டாவது பாதியில் ஒட்டிக்கொண்டது. தவசி வைதுகொண்டே பிடுங்கினான். மூடிய இடம், மூச்சு முட்டல் எதுவும் இப்போது அவன் நினைப்பில் இல்லை. ஐந்தாவது ராடில் ஷட்டரின் அடிப்பக்கம் ஒரு சதுரம் கழன்று வெளியே விழுந்தது. அதன் வழியே சந்தின் வெள்ளை வெயில் உள்ளே வந்தது.

"குனிஞ்சு வாங்க, ஓரம் சுடும்," என்றான்.

வெளியே வந்ததும் தவசி தரையில் கையூன்றி நாய் மாதிரி மூச்சு வாங்கினான். ஜெபராணி ஸ்கூட்டி டிக்கியைத் திறந்து போனை எடுத்தாள். டயல் பண்ணப் போனவள் நிறுத்தினாள். "மொதல்ல அந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகுதுன்னு பாப்போம். அவனுக்குக் கூட்டாளி யாருன்னு தெரியாமப் போலீஸக் கூப்புட்டா பாதிக் கதைதான் சொல்ல முடியும்."

"திராட்சைக் கிடங்குதான்," என்றான் தவசி. "அங்கதான் கேமராவும் நின்னுச்சு. வாட்ச்மேன் கூட்டாளி. எழுதி வச்சுக்கங்க."

ஷெட்டின் பின்பக்கம் போனார்கள். ஓட்டையிலிருந்து வெளியே வந்த வயர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. தவசி குனிந்து அதை இழுத்துக்கொண்டே நடந்தான். மண் பிளந்து பிளந்து வயர் மேலே வந்தது. கிடங்குப் பக்கம் போகவில்லை. முருங்கை மரத்தைச் சுற்றியது. காம்பவுண்டுச் சுவர் ஓரமாகவே போய், சுவரின் ஒரு விரிசலுக்குள் நுழைந்தது. இருவரும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் போர் மோட்டார் பெட்டி. பெட்டி லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. அதற்கு எதிரில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹேமாவதி நின்றாள்.

அஜய்குமாரின் வீடு. அவர்களை வேலைக்கு வைத்தவளின் வீடு.

தவசி கையிலிருந்த வயரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஒரு நிமிஷம் எல்லாமே தலைகீழாகப் போய்விட்டது. இந்தப் பெண்ணும் ஈஸ்வரபாண்டியும் சேர்ந்துதானா? புருஷனை உள்ளே தள்ளிவிட்டு நம்மிடம் வந்து அழுதாளா?

"அக்கா, நீங்களா?" என்றாள் ஹேமாவதி. "ஜெயில்ல அவரப் பாத்துட்டு இப்பத்தான் வந்தேன். ஃபேனு விட்டு விட்டு ஓடுச்சு, மோட்டார் பெட்டி புகையுது, என்னன்னு பாக்க..." வயர் தவசியின் கையில் இருப்பதைப் பார்த்தாள்.

"இது எப்ப குடுத்தது ஹேமா?" என்றாள் ஜெபராணி. குரலை உயர்த்தவில்லை.

"அது... சும்மா ஒரு லைட்டுக்குக்கா."

"எப்ப?"

ஹேமாவதி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அன்னைக்குத்தான். மத்தியானம். அவுக லைன் மட்டும் போயிருச்சு, எங்களுக்கு இருந்துச்சு. இவரு தூங்கிட்டு இருந்தாரு. ஈஸ்வரபாண்டியண்ணன் வந்து ஒரு வயரு குடும்மான்னாக. போன வருசம் எங்க லைன் ரெண்டு நாளு செத்துக் கெடந்துச்சு. புள்ளைக்குக் காய்ச்சல். அவுக வீட்டுக் கரண்டுலதான் வென்னி வச்சேன். அவுக கேக்கும்போது இல்லேன்னு எப்படிக்கா சொல்றது?" அவள் குரல் இறங்கியது. "அப்புறமும் நாலஞ்சு தடவ கேட்டாக. பியூஸு அடிக்கடி போகுதுன்னு சொன்னேன், அவுகளே நல்ல கம்பியாப் போட்டுக் குடுத்தாக. வக்கீல் வீட்டுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனாக. நல்ல மனுசன்னு நெனச்சேன்."

"அந்த இருபது நிமிஷம்," என்றாள் ஜெபராணி, தவசியைப் பார்த்து. "கிடங்கும் இவனும் ஒரே பேஸு. தன் லைன தானே ஷார்ட் பண்ணிப் போஸ்ட்ல பியூஸப் போக வச்சிருக்கான். ஜீப்பு வெளிய போயிருச்சுன்னு நெனைக்க வைக்கக் கேமராவும் நின்னுச்சு, கரண்டு கேக்க ஒரு சாக்கும் ஆச்சு. வாசல்ல நின்ன ஜீப்பத் தள்ளியே ஷெட்டுக்குள்ள கொண்டுபோயிட்டான். இருபது நிமிஷத்துல லைன் வந்திருச்சு, ஆனா வயரு இவன் கையிலயே நின்னுபோச்சு."

"எதுக்குக்கா? எங்க கரண்டு எதுக்கு அவுகளுக்கு?"

ஜெபராணி சொன்னாள். சுற்றி வளைக்காமல், நாலே வாக்கியத்தில் சொன்னாள். ஹேமாவதியின் முகம் வெளுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவரு எங்க ஃபேனுக்குக் கீழ தூங்குறப்ப, எங்க கரண்டுலயே..."

"ஆமா."

"அவரு அன்னைக்கே கேட்டாரு. தூங்குனப்ப ஏதாச்சும் நடந்துச்சா, யாராச்சும் வந்தாகளான்னு. யாரும் வரலன்னுட்டேன்." கண்ணில் நீர் கட்டியது. "ஈஸ்வரபாண்டிக்குக் கரண்டு குடுக்காத, அவன் வெல்டிங்குக்கு இழுப்பான், வயரு எரிஞ்சு போகும்னு முன்னாடியே என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. வைவாரேன்னு சொல்லல. போலீஸ்காரகளும் கேட்டாக. அவர்கிட்ட ஒண்ணு, இவககிட்ட ஒண்ணு சொன்னா தப்பாயிருமேன்னு அதையே சொல்லிட்டேன். இது ஒரு பெரிய விசயம்னே எனக்குத் தோணலக்கா."

தவசி ஷெட்டையும் மோட்டார் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, இது இன்னும் மோசம். அவன் வண்டியோட வந்து என்ன சொல்லுவான்? 'கரண்டே அஜய் வீட்டுலயிருந்துதான் வந்துச்சு, நாங்க ரெண்டு பேரும் கூட்டு'ம்பான். வயரு இருக்கு, பியூஸு இருக்கு, சேஸ் இருக்கு. எல்லாமே இந்த வீட்டக் கையக் காட்டுது. பேசாம இந்த வயரப் புடுங்கி எறிஞ்சிரலாமா?"

"எறிஞ்சா ஷெட்ல அறுத்ததுக்கு சாட்சி போச்சு. வச்சிருந்தா அஜய் கூட்டாளி ஆயிருவான்." ஜெபராணி ஹேமாவதியின் பக்கம் திரும்பினாள். "ரெண்டும் வேணாம்னா ஒரே வழிதான் இருக்கு. குடுத்தது நீ, அவனுக்குத் தெரியாமக் குடுத்தன்னு நீயே சொல்லணும். முன்ன சொன்னது பொய்யின்னும் சேத்துச் சொல்லணும். கரண்டு குடுத்ததுக்கு இ.பி.காரக கேஸு போட்டாலும் போடுவாக. உன்ன நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

குழந்தை அவள் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்தது. தூரத்தில், மெட்டு ரோட்டிலிருந்து ஒரு குட்டியானை வேன் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. தவசி சந்து முனையைப் பார்த்தான். வேன் கிடங்கு கேமராவைத் தாண்டி உள்ளே திரும்பியது. முன்னால் டிரைவரோடு ஈஸ்வரபாண்டி, பின்னால் இரண்டு ஆட்கள்.

"போலீஸ்கிட்ட சொல்லிருவேன்க்கா," என்றாள் ஹேமாவதி. "அவர்கிட்ட எப்படிச் சொல்ல? இன்னைக்குக் கம்பி வலைக்கு அங்கிட்டு நின்னு, நீ நல்லா யோசிச்சுப் பாரு ஹேமான்னு கெஞ்சுனாரு. அப்பவும் ஒண்ணும் இல்லேன்னுதான் சொல்லிட்டு வந்தேன்."

ஜெபராணி கையிலிருந்த போனில் ஸ்டேஷன் நம்பரைத் தேடி எடுத்தாள்.

ஹேமாவதி குழந்தையைச் சுவருக்கு மேலாகத் தவசியிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அவள் கையை ஜெபராணியின் பக்கம் நீட்டினாள். ஜெபராணி போனைக் கொடுத்தாள்.

வேன் அறுந்த ஷட்டருக்கு முன்னால் வந்து நின்றது. ஈஸ்வரபாண்டி இறங்கினான். சதுர ஓட்டையைப் பார்த்தான், சுவரோரம் நின்ற மூன்று பேரையும் பார்த்தான். ஹேமாவதி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனைக் காதில் வைத்தாள்.

"ஸ்டேஷனுங்களா? எம் பேரு ஹேமாவதி. ஜீப் கேஸுல உள்ள இருக்குற அஜய்குமாரோட சம்சாரம். அன்னைக்கு யாரும் வரலன்னு நான் உங்ககிட்ட சொன்னது பொய்யி. வந்தாக. எம் புருசன் தூங்கிட்டு இருந்தாரு, கரண்டு குடுத்தது நான். அத அப்புடியே எழுதிக்கங்க. அவருகிட்ட மட்டும் நீங்க சொல்லாதீக, நானே வந்து சொல்லிக்கிறேன்."